ஒட்டுப்பால் இருந்த இடம்

மாமாவின் தலைமாட்டில், மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு வட்டத் துண்டு இருக்கிறதே, அது என்ன என்று சின்னவள் கேட்டாள். கேரம் காயைவிடக் கொஞ்சம் கனமான கறுப்பு வில்லை. அதன் முகத்தில் பாதி வெள்ளையும் பாதி சாம்பலுமாக ஒரு சிறு உலோகச் சதுரம், கண்ணாடி போல மினுங்கும். “அதத் தொட்டா மாமா திட்டுகாரு” என்றாள். பெரியவன் கேட்டது வேறு. “எங்கள மட்டும் உள்ள விட்டுட்டு நீங்க ஏம்ப்பா ரோட்டிலயே பைக்கில இருக்கீங்க?”

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். வாயால் சொல்ல ஆரம்பித்தால் எனக்குச் சாதகமான பக்கத்திலிருந்துதான் தொடங்குவேன் என்று எனக்கே தெரியும். அதனால் உங்கள் இருவருக்கும் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்பும், அதற்குப் பிறகு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டரும் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

ஆரல்வாய்மொழியில் நான் வேலை பார்த்த கம்பெனியை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காற்றாலைகளைத் தாண்டி மலையடியில், கல் எடுத்து முடித்துக் கைவிட்ட ஒரு குவாரி. அங்கே நாங்கள் அலுமினியத் தகட்டையும் இரும்புத் தகட்டையும் வெடி வைத்து ஒட்டினோம். “வெடி வச்சா ஒடயாதா, ஒட்டுமா?” என்று பள்ளியில் உங்களைக் கேலி செய்தார்கள் என்று ஒருமுறை அழுதுகொண்டு வந்தீர்கள். ஒட்டும். எப்படி என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும்.

இரும்பையும் அலுமினியத்தையும் சாதாரண வெல்டிங்கில் சேர்க்க முடியாது. உருக்கிச் சேர்த்தால் இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒன்று பிறக்கும். அது இரும்பும் இல்லை, அலுமினியமும் இல்லை. பொரித்த பப்படம் போல நொறுங்கும். அதனால் உருக்காமல் சேர்க்க வேண்டும். இரும்புத் தகட்டை மணல் படுக்கையில் கிடத்துவோம். அதன்மேல், தொடாமல், விரல் நுழையாத அளவு இடைவெளி விட்டு அலுமினியத் தகட்டை வைப்போம். அதன்மேல் பலகைச் சட்டம் கட்டி வெடிமருந்துத் தூளை ஒரே கனத்தில் பரப்புவோம். ஓர் ஓரத்தில் தீ கொடுத்தால், சுருட்டிய பாயை விரித்துக்கொண்டு ஓடுகிற மாதிரி, அலுமினியம் அந்த ஓரத்திலிருந்து இரும்பை அறைந்துகொண்டே மறு ஓரத்துக்குப் போகும். அறைகிற வேகத்தில் இரண்டின் மேல்தோலும் உரிந்து, இடையில் இருக்கும் காற்றோடு சேர்ந்து முன்பக்கமாகப் பீறிட்டு வெளியே போய்விடும். தோல் போன இரண்டு பச்சை உலோகம் அப்படியே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நாங்கள் பாறைக்குப் பின்னால் காதைப் பொத்திக் குனிந்திருப்போம். தலையைத் தூக்கும்போது எல்லாம் முடிந்து தூசி மட்டும் மலைப்பக்கம் போய்க்கொண்டிருக்கும்.

ஒட்டிய தகட்டைக் குறுக்கே அறுத்து மெருகேற்றிப் பார்த்தால் சேர்ந்த கோடு நேராக இருக்காது. அலையலையாக இருக்கும். வட்டக்கோட்டைக் கடற்கரைக்குப் போனபோது தண்ணீர் பின்வாங்கிய கறுப்பு மணலில் வரிவரியாக இருந்ததே, சின்னவள் மிதிக்க மாட்டேன் என்று சுற்றிப் போனாளே, அதே மாதிரி. ஒவ்வொரு அலையின் தலையும் கொஞ்சம் மடங்கிச் சுழித்திருக்கும். அந்தச் சுழிக்குள் இரண்டும் உருகிக் கலந்த ஒரு குட்டை. அந்தப் பப்படம்தான் அது. அங்கங்கே சிறு குட்டையாக இருந்தால் பாதகமில்லை, சுற்றிலும் இருக்கும் நல்ல உலோகம் தாங்கிக்கொள்ளும். கோடு முழுக்கப் படர்ந்துவிட்டால் ஒருநாள் விட்டுப்போகும்.

நான் அங்கே இரண்டு வேலை செய்தேன். வெடிக்கு முன்னால் தகட்டை அடுக்குவேன். வெடித்த பிறகு துண்டு அறுத்து மெருகேற்றுவேன். அறுத்த துண்டைக் கறுப்பு ரெசினில் பதித்து வில்லையாக்கி, தண்ணீர் விட்டு உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். கரடான தாளில் தொடங்கி நைஸ் தாள் வரை, ஒவ்வொரு தாளுக்கும் வில்லையைக் குறுக்கே திருப்பி. கடைசியில் துணிச்சக்கரத்தில் வைரப்பசை. இரும்பு கெட்டி, அலுமினியம் மெது. ஒரே அழுத்தத்தில் தேய்த்தால் அலுமினியம் மட்டும் குழிந்துபோகும். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் அலுமினியம் வெண்ணெய் மாதிரி இழுபட்டு, கோட்டின் மேலேயே பூசிக்கொள்ளும். பூசிக்கொண்டால் கீழே விரிசல் இருந்தாலும் தெரியாது. என் கைக்கு அது நிதானப்பட்டிருந்தது. எங்கள் சோதனை அறையில் இருந்த இன்ஜினியர் மேடம், என்னைவிடப் பத்து வயது குறைந்தவர், “அண்ணே, ஒங்க கைக்கு மிஷினே வேண்டாம்” என்பார். எனக்கு அதில் பெருமை இருந்தது.

இனி என் தப்பு.

இரண்டு தகட்டுக்கும் நடுவே இடைவெளி மாறாமல் இருக்க, மெல்லிய உலோகப் பட்டைகளை மடித்து அங்கங்கே வைக்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் ஆரல்வாய்மொழிக் காற்று உங்களுக்குத் தெரியும். ஆடி மாதம் குடை பிடித்தால் குடைக்காம்புதான் மிஞ்சும். நாங்கள் வைத்த பட்டைகள் நகரும், பறக்கும். அலுமினியத் தகடு ஓரத்தில் துடிக்கும். மூன்று தடவை அடுக்கி மூன்று தடவை பிரித்த ஒரு நாளில், பைக் பெட்டியிலிருந்து கொஞ்சம் ஒட்டுப்பால் எடுத்துவந்து வைத்தேன்.

பெரியப்பாவின் குலசேகரம் தோட்டத்தில் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ரப்பர் மரத்தில் முந்தின நாள் வெட்டிய காயத்தில் பால் உறைந்து நாடா போல ஒட்டியிருக்கும். மறுநாள் வெட்டும் முன் அதை உரித்து எடுப்பார்கள். அதுதான் ஒட்டுப்பால். எங்கள் ஊரில் ஆடுகிற மேசைக்கும் அதுதான், ஒழுகும் குழாய்க்கும் அதுதான், கடகடவென்று ஆடும் பைக் கண்ணாடிக்கும் அதுதான். பிறந்ததிலிருந்து அதைக் கையில் வைத்து வளர்ந்தவனுக்கு, ஒன்று ஆடினால் வேறு ஒன்றும் தோன்றாது. பயறு அளவு உருட்டி இரண்டு தகட்டுக்கும் நடுவே வைத்தேன். ஒட்டிக்கொண்டது. காற்றால் அசைக்க முடியவில்லை.

வெடி வைக்கிற அண்ணன் பார்த்துச் சிரித்தார். “என்னவே, தகட்டுலயும் பால் வெட்டுதீரா?”

“வெட்டுனா ஒமக்கு அரை லிட்டர் தாறேன், வாரும்” என்றேன்.

வெடியில் எல்லாம் எரிந்து பீறிட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். உண்மையில் பெரும்பாலும் போய்விட்டது. அதனால் அதையே பழக்கமாக்கினேன். யாரிடமும் கேட்கவில்லை. மேடத்திடம் சொல்லவும் இல்லை. காற்று மிக மோசமாக இருந்த ஒரு நாளில் ஓர் ஓரம் அடங்கவே இல்லை. உருட்டாமல், நடுவிரல் நீளத்துக்கு நாடாவாகவே வைத்து அமுக்கினேன். அந்தத் தகடும் வெடித்தது, ஒட்டியது. பிறகு ஒலி செலுத்திச் சோதிக்கும் கருவியால் தகட்டின் மேல் சாண் இடைவெளியில் கோடு போட்டுப் பார்த்தார்கள். என் நாடா இரண்டு கோடுகளுக்கு நடுவே படுத்திருந்தது. தகடு பாஸ் ஆனது. அறுத்து உள்ளங்கை அளவு கட்டைகளாக்கி, கடற்கரையில் இரும்புப் படகு கட்டும் ஒரு பட்டறைக்குப் போனது.

அந்தப் பட்டறையில்தான் மாமா வெல்டர்.

உங்கள் அம்மாவின் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. கல்ஃபில் கப்பல் பட்டறையில் ஏழெட்டு வருடம் இருந்து வந்தவன், அவன் போட்ட வெல்டிங் வரியைத் தடவிப் பார்த்தால் தையல் மிஷினில் போட்டது போல இருக்கும். படகின் தளம் இரும்பு, மேலே விளக்குக் கம்பம் அலுமினியம். நடுவில் எங்கள் கட்டை. கட்டையின் இரும்புப் பக்கத்தைத் தளத்தோடும், அலுமினியப் பக்கத்தைக் கம்பத்தோடும் வெல்டிங் செய்ய வேண்டும். அப்போது கட்டை அளவுக்கு மேல் சூடாகக் கூடாது. சூடானால் நடுக்கோட்டில் அந்தப் பப்படம் சுழிகளை விட்டு வெளியே வந்து கோடு முழுக்கப் படர்ந்துவிடும். அதனால் ஒரு வரி போட்டால் கட்டை ஆறும்வரை நின்று, பிறகுதான் அடுத்த வரி. மாமா அதற்கு வாட்ச் பார்க்க மாட்டான். சபையில் பாடகர் குழுவில் நிற்கிறவன் இல்லையா, ஒரு வரி முடிந்ததும் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒரு கீர்த்தனையை முதல் சரணத்திலிருந்து கடைசிச் சரணம் வரை பாடுவான். பிறகு கட்டையில் கை வைத்துப் பார்ப்பான். அதன்பிறகுதான் அடுத்த வரி. பட்டறையில் மற்றவர்கள், “என்னடே, ஆராதனை முடிஞ்சா? காணிக்கை எடுக்கலாமா?” என்று கேட்பார்களாம். “ஆசீர்வாதம் பாக்கி இருக்கு, இரிலே” என்பானாம். வீட்டுக்கு வரும்போதெல்லாம் நடித்துக் காட்டுவான். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறீர்கள்.

கம்பம் நிறுத்திய மறுநாள், விளக்கைப் பூட்ட அவனே மேலே ஏறினான். இடுப்பு பெல்ட்டைக் கம்பத்திலேயே மாட்டியிருந்தான், அங்கே வேறு மாட்ட இடமில்லை. கட்டை நடுவில் விட்டது. கம்பம் அவனையும் கொண்டு சாய்ந்தது. இரும்புத் தளத்தில் முதுகு பட்டு விழுந்தான். இடுப்புக்குக் கீழே அன்றைக்குப் போன உணர்வு இன்றுவரை வரவில்லை. ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. நீங்களும் பார்த்ததுதான்.

கிழிந்த கட்டை ஒரு சாக்கில் கட்டி எங்கள் கம்பெனிக்கு வந்தது. ஏன் விட்டது என்று அறுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். சார், அதாவது எங்கள் முதலாளி, மேடம், நான் மூன்று பேரும் மேசையைச் சுற்றி நின்றோம். கட்டை முழுதாகப் பிரியவில்லை. ஒரு மூலை இன்னும் ஒட்டியிருந்தது, மற்றது வாய் பிளந்திருந்தது. பிளந்த முகத்தில் மணல்வரி மாதிரி அலைகள் கண்ணுக்கே தெரிந்தன. அந்த அலைகளுக்கு நடுவே அலையே இல்லாமல் வழவழவென்று ஒரு கறுப்புத் தடம். நடுவிரல் நீளம். ஒரு நுனி சுருண்டிருந்தது.

நான் பார்த்த உடனே தெரிந்துகொண்டேன். என் கைவிரலை எனக்குத் தெரியாதா?

சார் சொன்னார், “கருகிக் கெடக்கு பாரும். சூடு ஏத்தியிருக்கான்.” பட்டறைக்காரர்களும் அதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்று மழைச் சாரல் இருந்ததாம், மேஸ்திரி அவசரப்படுத்தினாராம், வெல்டர் நிற்காமல் போட்டிருப்பான் என்று. எனக்கு மச்சினன் என்பது சாருக்குத் தெரியும். “வருத்தம்தான், என்ன செய்ய? நீரே அறுத்துப் பாரும், ஒமக்கும் மனசு ஆறும்” என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் சொன்னார்.

எங்கே அறுப்பது என்பது என் கையில் இருந்தது. கறுப்புத் தடத்தின் குறுக்கே அறுத்தால் எல்லாம் தெரிந்துவிடும். நான் ஒட்டியிருந்த மூலையில், வெல்டிங் வரிக்கு மிக அருகில் அறுத்தேன். வெல்டிங்குக்குப் பக்கத்தில், யார் செய்தாலும், எவ்வளவு ஆறவிட்டாலும், சூட்டினால் கோட்டில் நூல் கனத்துக்கு ஒரு சாம்பல் படலம் வரத்தான் செய்யும். அதை மெருகேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மேடம் பார்த்தார். “படலம் இருக்கு. ஆனா இவ்வளவு மெல்லிசா இருக்கே அண்ணே. அந்தக் கறுப்புப் பக்கத்துல ஒண்ணு எடுக்காண்டாமா?”

“அது வெல்டு கருகினதாக்கும் மேடம். அதுல என்ன தெரியப்போவுது? மெருகும் ஏறாது.”

அவர் என் கையை நம்பினார். சூட்டினால் படலம் வந்திருக்கிறது, அதனால் பிணைப்பு பலவீனமாகியிருக்கலாம் என்று ரிப்போர்ட் எழுதினார். அந்த வில்லையில் பொய் எதுவும் இல்லை, இதைப் புரிந்துகொள்ளுங்கள். அது உண்மையான துண்டு, உண்மையான படலம். எந்த இடத்தைக் காட்டுவது என்று தேர்ந்தெடுத்ததில்தான் நான் பொய் சொன்னேன். வேலை போகும் என்று பயந்தேன். அதைவிட, உங்கள் அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன்.

மாமா ஆரம்பத்தில் ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தான். “நான் பாடினேன். ரெண்டு வரிக்கும் நடுவுல முழுப்பாட்டும் பாடினேன். கை வச்சுப் பாத்தேன்.” ரிப்போர்ட் வந்த பிறகு அந்தப் பேச்சு குறைந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் போட்ட பிறகு ஒருநாள் நான் பார்க்கப் போனேன். மாமி அடுக்களையில் இருந்தாள். அவன் முகட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“அத்தான், அந்தக் கட்டைய மிஷின்ல பாத்தது நீங்கதானே?”

“ஆமா மக்கா.”

“ரிப்போர்ட்ட விடுங்க. ஒங்க கண்ணு பாத்ததச் சொல்லுங்க. அது நான் சுட்டதுதானா?”

இல்லை என்று சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது.

“ஆமா” என்றேன்.

அவன் கோபப்படவில்லை. “செரி” என்றான். “எனக்கு அது தெரிஞ்சா போரும். இவனுவ சொன்னா நம்பமாட்டேன், நீங்க சொன்னா நம்பலாம்.”

அதற்குப் பிறகு அவன் ஞாபகமே மாற ஆரம்பித்தது. சாரல் அடித்ததே, மேஸ்திரி கத்தினாரே, ஒருவேளை இரண்டாம் சரணத்தோடு நிறுத்தியிருப்பேனோ என்றான். பிறகு, நிறுத்தித்தான் இருப்பேன் என்றான். கடைசியில், பாடவே இல்லை, பாடியதாக நினைத்துக்கொண்டேன் என்றான். உங்கள் அம்மாவிடம், “அக்கா, எனக்க கையே எனக்குக் குழி வெட்டிட்டு. போவட்டு, வேற ஒருத்தன் ஏறிச் செத்திருந்தா?” என்று சொல்லியிருக்கிறான். போதகர் ஜெபிக்க வந்தபோது தன் அஜாக்கிரதையை மன்னிக்கும்படி ஜெபிக்கச் சொன்னான். பாடகர் குழுவில் இருந்து பையன்கள் வந்து கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள். அவன் கூடப் பாடவில்லை. “எனக்குப் பாட்டு வேண்டாம்டே, போங்க” என்று அனுப்பிவிட்டான். அவன் உடம்பில் எது போயிற்றோ அது விழுந்ததில் போயிற்று. அதற்கு மேல் போனதை நான்தான் எடுத்தேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு சபையில் திருவிருந்து. பாவத்தை மனதில் மறைத்து வைத்துக்கொண்டு எழும்பிப் போய் அந்த அப்பத்தையும் ரசத்தையும் வாங்கக் கூடாது. எங்கள் சபை சிறியது, யார் எழும்பிப் போகிறார்கள், யார் போகவில்லை என்பது பின்வரிசைப் பிள்ளைக்கும் தெரியும். பாவ அறிக்கை சொல்லும்போது என் வாய் அசையவில்லை. பெஞ்சிலேயே இருந்தேன். அடுத்த மாதமும் இருந்தேன்.

திரும்பி வரும்போது பைக்கின் பின்னாலிருந்து அம்மா கேட்டாள். “ஏன் எழும்பல்ல?”

“வயிறு செரியில்ல.”

“போன மாசமும் வயிறா?”

வீட்டு வாசலில் இறங்கி, குடையை மடக்கிக்கொண்டே சொன்னாள். “வயிறோ எதுவோ, ஆளுகளுக்கு முன்னால என்னத் தனியா எழும்பிப் போவ வைக்காதிங்க. எனக்குத் தம்பியும் கட்டில்ல, புருசனும் பெஞ்சிலயா?”

திங்கட்கிழமை நான் சாக்கைப் பிரித்துக் கட்டையை எடுத்தேன். கறுப்புத் தடத்தின் குறுக்கே, சுருண்ட நுனி விழுகிற இடத்தில் அறுத்தேன். பிளந்த இரண்டு முகத்தையும் ஒன்றோடொன்று பொருத்தி ரெசினில் பதித்தேன். அன்றைக்குத் தேய்த்ததுபோல நான் ஒருபோதும் தேய்த்ததில்லை. கடைசித் துணியில் வரும்போது கை தானாக அழுத்தப் பார்த்தது. கொஞ்சம் அழுத்தினால் போதும், அலுமினியம் இழுபட்டு எல்லாவற்றையும் மூடிவிடும், மெருகு ஏறவில்லை என்று வீசிவிடலாம். சக்கரத்தை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. திரும்பி வந்து, கை எடையைக்கூடக் கொடுக்காமல் வில்லையைத் துணியில் வைத்து முடித்தேன். உலோகத்தின் உள்ளே இருக்கும் நுண்ணிய மணிகள் தெரிவதற்காக ஒரு துளி அமிலம் தடவிக் கழுவினேன்.

மைக்ராஸ்கோப்பில் இடதுபக்கம் நல்ல அலைகள். இரும்பின் மணிகள் கோட்டை நெருங்க நெருங்க நசுங்கி, தேர் பார்க்கிற கூட்டத்தில் நெருக்கப்பட்ட ஆட்கள்போல ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. சுழிகளில் சிறு குட்டைகள், கோட்டில் படலம் எங்கேயும் இல்லை. அவன் ஆறவிட்டிருக்கிறான். நன்றாகவே ஆறவிட்டிருக்கிறான். வலதுபக்கம் நகர்த்த நகர்த்த அலைகள் தாழ்ந்துகொண்டே வந்து, படுத்து, நின்றுவிட்டன. பிறகு கறுப்பு. எரிந்த ரப்பரின் கரி. அதன் இரு கரையிலும், வெளியேற வழியில்லாமல் அடைபட்ட சூடு இரண்டு உலோகத்தையும் உருக்கி, அகலமான ஒரு குட்டை, குறுக்கும் நெடுக்கும் விரிசல். அந்த விரிசல் ஒன்றிலிருந்துதான் கட்டை கிழியத் தொடங்கியிருந்தது. எல்லாம் சேர்த்து ஒரு நெல்மணியின் அகலம்கூட இல்லை.

மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

“என்னண்ணே இது? கரியா?”

“ஒட்டுப்பால். காத்துக்குத் தகடு நிக்கல்ல, நான் வச்சேன்.”

“மொத வில்லைய அறுக்கும்போதே இது தெரியுமா ஒங்களுக்கு?”

“தெரியும்.”

அவர் விளக்கை அணைத்தார். “அந்த ரிப்போர்ட்டில எனக்க கையெழுத்தாக்கும் கெடக்கு” என்று மட்டும் சொன்னார். பிறகு என்னைப் பார்க்காமல் சாரின் அறைக்குப் போனார்.

சார் கத்தவில்லை. எந்தெந்தத் தகட்டில் வைத்தீர் என்று கேட்டார். எனக்கு எல்லாம் ஞாபகம் இல்லை. அதுதான் அவரை உட்கார வைத்தது. அன்றைக்கே பட்டறைகளுக்குப் போன் செய்து, கடலுக்குப் போன படகுகளையும் திருப்பிக் கூப்பிட்டு, கட்டைகளை எடுக்கச் சொன்னார். எடுத்ததில் இன்னும் சிலவற்றில் பயறளவுக் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. மாமாவின் பேரில் தப்பு இல்லை என்று புது ரிப்போர்ட் எழுதி அனுப்பினார். கடைசியாக என்னிடம், “நீர் எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா ஓரத்துக்கு ஒரு தட்டி கட்டித் தந்திருப்பேனே வே” என்றார். ஒரு தட்டி. காற்றை மறைக்க ஒரு ஓலைத் தட்டி. அது எனக்குத் தோன்றவே இல்லை. நான் வேலையிலிருந்து நின்றேன். அவர் போகச் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. அந்த இரண்டாவது வில்லையை மட்டும் கேட்டேன். மேடம் ரிப்போர்ட்டுக்குப் படம் எடுத்து முடித்துவிட்டு அதைக் காகிதத்தில் சுற்றித் தந்தார்.

அம்மா சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. கடைசி மீன் வரை ஆய்ந்து, கழுவி, சட்டியை மூடிவிட்டுத்தான் பேசினாள்.

“அவன்ட்ட நீங்களே போய்ச் சொல்லணும். நான் கூட வரமாட்டேன்.”

போனேன். மாமி சாயா கொண்டுவந்து வைத்தாள். வில்லையை மாமாவின் கையில் கொடுத்தேன். அவன் அதை வெளிச்சத்துக்குத் தூக்கி, கோட்டின் மேல் நகத்தை ஓட்டினான். வெல்டர் நகத்துக்கு எல்லாம் தெரியும். கறுப்பு வந்த இடத்தில் நகம் நின்றது.

“இது என்ன அத்தான்?”

“ஒட்டுப்பால். நான் வச்சது.”

அவன் என்னைப் பார்த்தான். நான் சொல்லிக்கொண்டே போனேன், காற்று, தகடு, நாடா, முதல் வில்லை, எல்லாம்.

“அப்பம் நான் சுடல்லியா?”

“இல்ல மக்கா. படலமே இல்ல. நீ நின்னுருக்க.”

“பாடியிருக்கேன்.”

“பாடியிருக்க.”

“கடைசிச் சரணம் வர?”

“கடைசிச் சரணம் வர.”

வில்லையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிடும் என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன்.

“ஒட்டுப்பால் வச்சது போவட்டு” என்றான் கண்ணைத் திறக்காமலே. “காத்து. அந்த எடத்தில நின்னா நானும் வச்சிருப்பேன். பயந்து மறச்சதும் போவட்டு, பிள்ளையளு இருக்கு. ஆனா நான் கேட்டேன்லா அத்தான். இதே கட்டில்ல கெடந்து கேட்டேன்லா. ஆமான்னீங்களே.”

“ஆமா.”

“அன்னையிலருந்து நான் எனக்க கையப் பாக்கும்போதெல்லாம் அத வெட்டி எறியணும்னு கெடந்தேன். அது தெரியுமா ஒங்களுக்கு?”

வில்லையைத் தலைமாட்டில் வைத்தான்.

“அக்கா வரட்டு. பிள்ளையளு வரட்டு. நீங்க இனி இந்த நடை ஏறாண்டாம்.”

மாமி உள்ளேயிருந்து வந்தாள். நான் தொடாத சாயா கிளாஸை எடுத்துக்கொண்டு போனாள். நான் எழும்பி வந்தேன்.

அதனால்தான் நான் ரோட்டில் பைக்கில் இருக்கிறேன். சபையில் இப்போதும் பெஞ்சிலேயே இருக்கிறேன். அம்மா தனியாக எழும்பிப் போகிறாள். ஏன் என்று என்னை மறுபடி கேட்கவில்லை. பெரியப்பாவின் தோட்டத்தில் கூலிக்குப் பால் வெட்டுகிறேன். விடிந்ததும் ஒவ்வொரு மரத்திலும் முதல் வேலை, நேற்றைய காயத்திலிருந்து ஒட்டுப்பாலை உரிப்பது. நடுவிரல் நீளத்துக்கு வரும்போது கை நின்றுவிடும். அதைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போவேன். வீட்டுக்கு ஒரு துண்டுகூடக் கொண்டுவருவதில்லை. மேசை ஆடுகிறது என்று நீங்கள் சொல்லும்போது நான் மரச்சில்லு செதுக்கி வைப்பது அதனால்தான்.

அந்த வில்லையைத் தொட்டால் மாமா திட்டுவார். விரல் பட்டால் கைவேர்வையில் இரும்புப் பக்கம் துருப்பிடித்து, கோடு தெரியாமல் போய்விடும். யார் பார்க்க வந்தாலும் அவர் அதை எடுத்துக் காட்டி, இந்தப் பக்கம் பாருங்க, சுத்தமா இருக்கு, நான் ஆறவிட்டுத்தான் போட்டேன் என்று சொல்கிறாராம், அம்மா சொன்னாள். உங்களிடமும் சொல்லியிருப்பார். பலமுறை சொல்லுவார். சொன்னதையே திரும்பச் சொல்லுகிறாரே என்று முகம் சுளிக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் குனிந்து, அந்தச் சுத்தமான பக்கத்தைப் பார்த்து, “ஆமா மாமா, நீங்க நின்னுருக்கீங்க” என்று சொல்லுங்கள். அந்தக் கறுப்புப் பக்கத்தையும் பாருங்கள். அது உங்கள் அப்பா.